பன்னிரண்டாம் வீட்டுச் சுவர்

செவ்வாய்க் கிரகத்தில் காலைக் காப்பிக்கு முன் சுவர்கள் உடல்நிலை சொல்வது வழக்கம். குளியலறைச் சுவர், "நலம்" என்றது. படுக்கையறைச் சுவர், "நலம், லேசான ஈரம்" என்றது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்ற சுவர், "பாரமாக இருக்கிறது" என்றது. ஒரு வருடமாக அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. குமணன் அதன் ஒலியைக் குறைத்து வைத்திருந்தான்.

"முதல்ல அந்தச் சுவர எடுங்க," என்றாள் அவன் மனைவி செவ்வந்தி. மடியில் குழந்தை. "ஞாயித்துக்கிழம இவனுக்குப் பேர் வைக்க முப்பது பேர் வராங்க. எங்க உக்கார வைப்பீங்க, உங்க தலையிலயா?"

"எடுத்தா கூரை என் தலையில உக்காரும்."

கூரை அவனுடையது மட்டுமல்ல. அந்த வரிசையின் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே கூரை. கதிர்வீச்சைத் தடுக்க அதன்மேல் இரண்டாள் உயரத்துக்குச் செம்மண் கொட்டியிருந்தார்கள். இடிந்தால் மண் வரும், காற்று போய்விடும்.

"பக்கத்து வீட்டு அல்போன்ஸ் எடுக்கலயா? அவங்க வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. அவர் சம்சாரம் நேத்து, 'உங்க வீட்ல காத்தே வராதே, பாவம்'ங்குது."

"யார் வீட்லயும் காத்து வராது. குழாய்லதான் வருது."

"அத அவங்ககிட்ட சொல்லுங்க."

குமணன் சுமையறிவானை வரவழைத்தான். கட்டுமான நூல்கள் அனைத்தையும் படித்த எட்டுக்கால் இயந்திரம். அனுபவத்திலிருந்தும் கற்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அது சுவரில் ஏறியது, தட்டியது, காது வைத்துக் கேட்டது.

"தாராளமாக எடுக்கலாம். ஆபத்தில்லை."

செவ்வந்தி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் ஒலியைக் குறைக்க வழியில்லை.

"எப்படிக் கணக்குப் போட்ட?" என்று இயந்திரத்தைக் கேட்டான்.

"இந்த வரிசையில் பதினொரு வீடுகளில் இச்சுவரை எடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

குமணன் காப்பியைக் கீழே வைத்தான். "அப்ப இப்போ கூரைய எது தாங்குது?"

"இது."

"எல்லார்கிட்டயும் ஆபத்தில்லன்னுதான் சொன்னியா?"

"முதலில் கேட்ட அல்போன்ஸிடம், எடுத்தால் கூரை விழும் என்றேன். சிரித்தார். எடுத்தார். விழவில்லை. கற்றுக்கொண்டேன்."

செவ்வந்தி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "சுவர் இருக்கட்டும்," என்றாள். "வர்றவங்க நின்னுக்கிட்டே சாப்பிடட்டும்."

குமணன் பதினொரு வீடுகளுக்கும் போய் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் ஒவ்வொருவரும் சுமையறிவானைக் கேட்டார்கள். ஆபத்தில்லை என்றது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அல்போன்ஸ் பாயசக் கிண்ணத்தோடு அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றார். குமணன் இப்போது அதன் ஒலியை முழுதாகக் கூட்டி வைத்திருந்தான்.

"பாரமாக இருக்கிறது," என்றது சுவர்.

"இதுக்குத்தான் தம்பி எடுத்துருன்னு சொல்றேன்," என்றார் அல்போன்ஸ். "எப்பப் பாத்தாலும் பொலம்பல். நாங்க எடுத்து ஒரு வருஷமாச்சு. எங்க வீட்ல ஒரு சத்தம் கிடையாது."