இருளப்பனின் பங்கு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பவர்கள் முதலில் அதை விழுங்கிவிடுங்கள், பிறகு விழுங்க முடியாது. நான் சொல்லப்போவது ஜப்பான்காரன் காலத்துக் கதை. செமிலிங் ஊருக்கு மேலே, ஜெராய் மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ரப்பர்த் தோட்டத்து லயத்தில் நடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மருதம்மாளின் மகள் நவமணி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வேணாம்மா. வயிறு நெறஞ்சிருக்கு."

அந்த வார்த்தையை லயத்தில் யாரும் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரிசியின் முகத்தையே மறந்துபோன காலம். மரவள்ளியைப் பட்டாளத்துக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்க ஆளில்லை. காட்டில் மரத்துக்கு மரம் பால் பிடிக்கத் தொங்கிய மங்குகளில் மழைத்தண்ணீரும் பழைய பாலும் சேர்ந்து அழுகி, மேலே மஞ்சள் ஆடை படிந்து, அதற்குள் புழு நெளிந்தது. காற்று திரும்பினால் அந்த நாற்றம் லயத்துக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்ளும்.

மருதம்மாளுக்கு முதலில் சந்தோஷம்தான். மகள் ஒதுக்கியதை ஒரு துணுக்கு விடாமல் தானே தின்றாள். தின்றுவிட்டுப் பிள்ளையின் வாயைத் துடைக்கக் குனிந்தபோது கை நின்றுவிட்டது. பச்சைக் கிழங்கின் காரமான வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, கூரைக்குள் எலி செத்துக் கிடந்தால் வருமே, அது.

"என்ன தின்ன?"

நவமணி சிரித்தாள். பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

அந்த நாளில் மலைக்காட்டில் கிடைத்தது கடோங் கிழங்கு ஒன்றுதான். அது விஷம். பச்சையாகக் கடித்தால் தொண்டை வீங்கி, நுரை தள்ளி, ஆள் காலி. கீழே கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெண்கள்தான் வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: மெல்லிசாகச் சீவி, சாம்பல் புரட்டி, கூடையில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் கல் வைத்து அமுக்கி, வழவழப்பு முழுக்கப் போகும்வரை நாள் கணக்கில் ஊறவைக்க வேண்டும். காலையில் பெண்கள் பாராங் கத்தியோடு மேலே ஏறுவார்கள். நவமணி மட்டும் ஓடைக்கரையில் உட்கார்ந்து கூடைகளுக்குக் காவல் இருப்பாள்.

மறுநாள் ஏறும்போது பக்கத்து வீட்டுக் காளியம்மா பின்னாலிருந்தே ஆரம்பித்தாள்.

"ஏண்டி மருதம்மா, எங்க வீட்டுப் புள்ளைங்க கொக்கு மாதிரி நிக்கிதுங்க, ஒம் மவளுக்கு மட்டும் கன்னம் வச்சிருக்கு. ஜப்பான் டுவான் தொர குசினியில சொந்தம் கிந்தம் புடிச்சிட்டியா?"

"வாயக் கழுவுக்கா."

"கழுவிப்புட்டு எத வச்சு நெரப்பறது?"

காளியம்மா சிரித்துக்கொண்டே காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். அது இலையில் விழுந்து, குடித்த ரத்தத்தைக் கக்கிக்கொண்டு சுருண்டது. கீழே மெர்போக் ஆறு வயலுக்கு நடுவே பளபளத்துக் கடலைப் பார்த்துப் போனது. கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வயிற்றுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

ஓடைக்கரைத் தட்டைப் பாறைக்கு வந்ததும் காளியம்மாவின் சிரிப்பு நின்றது. பாறையில் ஒரு அகலமான காட்டிலை. அதில் காய்ந்துபோன கிழங்குத் துணுக்கு ஒன்று.

"இது யாரு வச்சது?"

"நாந்தான். அவருக்கு."

அவர் என்றால் இருளப்பன், மருதம்மாளின் புருஷன். போன வருஷம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்தே, சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டியிருந்த சாக்குத் துணியோடு போன மனிதன். அவன் வருகிறவரை பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேண்டும், மருதம்மாளுக்கு இருந்தது அந்த ஒரே நினைப்பு. சயாமுக்குப் புருஷனை விட்ட பெண்கள் எல்லாரும் ராத்திரி சாப்பாட்டில் அவன் பங்கைப் பானையில் எடுத்து மூடி வைப்பார்கள். காலையில் வீட்டார் அதைத் தின்றுவிடுவார்கள். ஆள் உயிரோடிருக்கிறான், திரும்பி வந்து இந்தப் பானையில் தின்பான் என்று அர்த்தம். மருதம்மாள் பானையை மரவள்ளிக்கு மாற்றிவிட்டாள். பானை இல்லாததால் மத்தியானம் தின்கிற இடத்திலேயே இலையில் வைத்தாள்.

"வெளியில, எலையில," என்றாள் காளியம்மா மெதுவாக. "வச்சுட்டுச் சும்மா வந்தியா, கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"பேரச் சொல்லியா?"

மருதம்மாள் தலையாட்டினாள். தாலி ஏறிய நாளிலிருந்து சொல்லாத பெயர் அது. ஒரு நாள் பசி மயக்கத்தில், மலை முழுக்கக் கேட்கட்டும் என்று கத்தியிருந்தாள்.

"உசுரோட இருக்கிறவனுக்குப் பானையில வப்பாங்க. வெளியில எலையில வச்சுப் பேரச் சொல்லி யாரக் கூப்பிடுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?" காளியம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

கூட வந்த நவமணியைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, மருதம்மாள் ஓடைக்குள் இறங்கித் தன் கூடையின் கல்லை அகற்றினாள். கிழங்கு குறைந்திருந்தது. கடோங்கைக் குரங்கு தொடாது, பன்றியும் தொடாது. உள்ளே கையை விட்டாள். விரலில் பட்டது கிழங்குச் சீவல் இல்லை. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, நன்றாக மென்று உருட்டிய ஒரு கவளம். தூக்கினால் எச்சில் நூல் நூலாக நீண்டு அறுந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது. ஓங்கரித்து, பச்சைப் பித்தத்தைத் தண்ணீரில் கக்கினாள். மணலைப் போட்டுக் கையைத் தேய்த்தாள், தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். நாற்றம் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்குப் பொழுது சாயும்போது மகளை மடியில் வைத்துக் கேட்டாள்.

"யாருடி ஒனக்குத் தின்னக் குடுக்கிறது?"

"அப்பா. மென்னு மென்னு ஊட்டுது. கசக்கவே இல்லம்மா."

நவமணிக்குப் பல் முளைக்காத நாளில் இருளப்பன் அப்படித்தான் செய்வான். தேங்காயையும் கடலையையும் மாவாக மென்று, தன் அரை விரலில் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவான். ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டுகிற இயந்திரத்தில் நசுங்கிப் பாதியாகிப்போன ஆள்காட்டி விரல்.

மருதம்மாள் இரவெல்லாம் புரண்டாள். தப்பி வந்திருப்பாரோ. காட்டிக் கொடுப்பார்கள் என்று காட்டில் ஒளிந்திருக்கிறாரோ. சயாமிலிருந்து ஓடி வந்தவர்கள் எல்லையோரம் பாலிங் பக்கம் இருப்பதாகப் பேச்சுண்டு. நினைக்க நினைக்க நெஞ்சு பொங்கியது. ஆனால் விஷக் கிழங்கைப் பச்சையாக மென்றவன் எப்படி உயிரோடு இருப்பான்? அந்த இடம் வந்ததும் நினைப்பைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

மறுநாள் நவமணியை வழக்கம்போல் ஓடைக்கரையில் விட்டுவிட்டு, எல்லாரோடும் மேலே ஏறுவதுபோல் ஏறி, மூங்கில் புதருக்குப் பின்னால் பிரிந்து, ஓடையை நோக்கித் தனியாக இறங்கினாள். உச்சி வெயில். வண்டு கத்தவில்லை. தண்ணீர்ச் சத்தம்கூட எதையோ போர்த்தியதுபோல் மந்தமாகக் கேட்டது. கூரைக்குள் செத்த எலியின் வாடை வந்தது, பிறகு ஒரு எலிக்கு மேல், பிறகு அழுகிய மங்குகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்ததுபோல். சேலைத் தலைப்பால் மூக்கை அமுக்கிக்கொண்டு பெரணி இலைகளை விலக்கினாள்.

தட்டைப் பாறையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது.

சாக்குத் துணி. அவள் தைத்துக் கொடுத்த ஓரத் தையல்.

முதுகுத் தோல் பழைய பாலின் ஆடைபோல் சுருங்கி, ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதற்கடியில் ஈ. மேலெல்லாம் அட்டைகள் ஏறியிருந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. குடிக்க ஒன்றுமில்லாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

கூடையிலிருந்து ஒரு சீவல். வாய்க்குள். தாடை பக்கவாட்டில் போய்த் திரும்பி வந்தது. சப். சப். நுரை வழிந்து மார்பில் இறங்கியது.

அரை விரல் வாய்க்குள் நுழைந்தது. தோண்டியது. எடுத்தது.

எதிரே நவமணி. குருவிக் குஞ்சுபோல் வாயைத் திறந்து. கண் மூடி. வயிறு உப்பி.

கத்த வேண்டும். அவன் பெயர்தான் தொண்டைக்கு வந்தது. அந்தப் பெயர் வேண்டாம். வேண்டாம்.

"நவமணி."

இரண்டு தலையும் திரும்பின.

மகளின் கன்னம் நிறைந்திருந்தது. விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

"அம்மா, அப்பா ஒனக்கும் எடுத்து வச்சிருக்கு. வாயத் தொற."

கை நீண்டது. அரை விரலின் முனையில் வெள்ளையாய் ஒரு கவளம். ஆவி பறந்தது. அதற்குள் பாதி புதைந்து ஒரு பல்.

மருதம்மாள் ஓட நினைத்தாள். கால் ஓடவில்லை. ஒரு வருஷமாகக் காய்ந்து கிடந்த அவள் வாயில், அவளைக் கேட்காமலே, எச்சில் ஊறியது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போய் விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் பானை என்றும் கவிழாமல் இருக்கட்டும். வெளியூர் போனவர்கள் வாசல் வழியாக, பகலில், சிரித்த முகத்தோடு திரும்பி வரட்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சூடான கை சோறூட்டட்டும்.