தும்பு மெத்தையைக் கழற்றியது யார்?

திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அல்பேட் தன் பாட்டறைக்குள் நின்று அலறினார். கொலை விழுந்திருந்தால்கூட கல்லடியில் அந்த வாவிக்கரை ஒழுங்கையில் யாரும் அப்படி அலறியிருக்கமாட்டார்கள்.

கதவின் உட்பக்கத்தை மூடியிருந்த தென்னந்தும்பு மெத்தையைக் காணவில்லை. வெறும் பலகை தெரிந்தது. அம்பிளிபயர் இருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் இருந்தன. இசைத்தட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. இத்தனையையும் விட்டுவிட்டுப் பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகிற கள்ளன் எந்த ஊரில் இருக்கிறான்?

அல்பேட்டுக்கு அந்தக் குழப்பமே இல்லை. கள்ளன் யார் என்று அவர் ஏற்கனவே முடிவு கட்டிவிட்டார்.

“மூர்த்தி அண்ணன்ட வேலைதான். சத்தம் வெளியில வரவேணும், பிறகு என்னில பிழை பிடிக்கவேணும். இப்பவே பொலிசுக்குப் போறன்!”

குசினியிலிருந்து மனைவி எமிலி ஓடிவந்தார். “ஒரு மெத்தைக்குப் பொலிசா? பைத்தியமா ஒங்களுக்கு?”

விஷயம் மெத்தை மட்டுமல்ல. அடுத்த வீட்டு வினாயகமூர்த்தி, விடியமுன் கொக்கட்டிச்சோலை வட்டைக்கு வயல் பார்க்கப் போகிறவர். மாலை ஏழு மணிக்கே கண் சொருகிவிடும். அல்பேட்டின் பாட்டு சுவரை உதைக்க உதைக்க, ஒருநாள் பொறுமையிழந்து வேலியருகே வந்து கத்தினார். இரண்டு வீடும் முகம் பார்க்காமல் ஒரு மழைக்காலமே போனது. கடைசியில் ஓர் ஒப்பந்தம். அல்பேட் சத்தம் வெளியே போகாத அறை ஒன்று அமைக்கவேண்டும். ஒரு தடவை சத்தம் வெளியே கேட்டாலும் அம்பிளிபயர், ஸ்பீக்கர் என்று முழுப் பாட்டுச் செற்றையும் விற்றுவிடவேண்டும்.

அல்பேட் வாக்கைக் காப்பாற்றினார். மூர்த்தி வீட்டுப் பக்க யன்னலுக்குக் கல் வைத்துக் கட்டினார். சுவருக்கு இரட்டைப் பலகை அடித்தார். கதவுக்குத் தும்பு மெத்தை, கதவின் அடியில் பழைய சைக்கிள் ரியூப். அந்த அறை வந்த நாளிலிருந்து நாலு மாதமாக ஊரில் அவரைவிடச் சந்தோஷமான மனிதன் கிடையாது. இப்போது செற்றும் போகலாம், திரும்பக் கிடைத்த அயலும் போகலாம். அலறினால் குற்றமா?

நாலரை மணிக்கு டினோஷா வந்தாள். எமிலியின் சிநேகிதி மேர்லினின் மகள். பொலிசில் சப் இன்ஸ்பெக்டர். லீவில் வீட்டில் நின்றவள். அலறல் கேட்டு ஓடிவந்து, பொலிசுக்குப் போகமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி, அல்பேட்டைத் தடுத்தது மேர்லின்தான்.

டினோஷா கதவைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஆணி அடித்த துளைகள் மட்டும் இருந்தன. பக்கத்து இராக்கைத் தட்டில் ஒரு பழைய மாஜரின் டப்பா. அதற்குள் ஆணிகள், ஒன்றுகூட வளையாமல்.

“மெத்தையைக் கடைசியாக் கண்டது எப்ப, அங்கிள்?”

“நேத்துப் பின்னேரம். காலையில வாழைச்சேனைக்குப் போயிற்று இப்பதான் வந்தன்.”

“இதுக்கு முன்னமும் ஏதும் காணாமப் போனதா?”

“வியாழக்கிழமை கதவுக்குக் கீழ இருந்த ரியூப் இல்ல. எலி இழுத்திரிக்கும் எண்டு விட்டிற்றன்.”

“இந்த அறை வேலை செஞ்சது ஆர்?”

“மெக்கானிக் றமீஸ். விக்கிறதெண்டா எனக்குத் தாங்க எண்டு செற்றை நெடுகலும் கேக்கிறவன்.”

டினோஷா அங்கேயே நின்று றமீசுக்குப் போன் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சத்தத்தை வெளியில விடவேணுமெண்டா நான் சுவர்ப் பலகையில கை வைப்பன், மிஸ். குசினிக்குப் போற கதவில என்ன கிடக்கு?”

குசினியில் எமிலி தேநீர் வடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ ராகம். மூன்று தரம் மேலே ஏறி, பிறகு வழுக்கிக் கீழே வந்தது. டினோஷாவைக் கண்டதும் நின்றுவிட்டது.

“காலையில வீட்டுக்கு ஆரும் வந்தாங்களா, அன்ரி?”

“நான் கிணத்தடியில உடுப்புத் தோச்சன். ஆரையும் காணல்ல.”

“அங்கிள்ட பாட்டு ஒங்களுக்குக் கேக்குமா?”

“எங்க கேக்கிற? உள்ள என்ன ஓடுதெண்டே எனக்குத் தெரியா. தேத்தண்ணியக் குடி மகள், ஆறப்போகுது.”

டினோஷா குடித்தாள். பிறகு அல்பேட்டிடம் திரும்பினாள்.

“கதவை அகலத் திறந்து, முழுச் சத்தத்தில ஒண்டு போடுங்க. புதுசா வாங்கினது ஏதும் இரிக்கா?”

“கொழும்பில இருந்து சனிக்கிழமை வந்தது இரிக்கி. பழைய கிளாரினட் தட்டு, அட்டைகூட இல்ல. ஆனா மூர்த்தி அண்ணன் கேட்டா…”

“அதுக்குத்தானே போடச் சொல்லுறன்.”

கிளாரினட் எழுந்தது. மூன்று தரம் ஏறி, வழுக்கி இறங்கியது. வீடு முழுக்க நிறைந்தது. டினோஷா ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வேலியைத் தாண்டி வினாயகமூர்த்தியின் விறாந்தைக்குப் போனாள். மனிதர் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

“வா புள்ள. லீவா?”

“ஓம், ஐயா. பாட்டு ஏதும் கேக்குதா?”

அவர் காதைத் தீட்டினார். “இல்லியே. ஏன், அல்பேட் தம்பி வீட்டில இல்லையா? சுகமில்லையா அவருக்கு?”

அந்தக் கடைசிக் கேள்வியில் உண்மையான கவலை இருந்தது. டினோஷாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஐந்தரை மணிக்கு அவள் திரும்பிவந்து பாட்டை நிறுத்தச் சொன்னாள். அல்பேட் வியர்த்துப்போய் நின்றார்.

“மூர்த்தி ஐயாவுக்கு ஒண்டும் கேக்கல்ல. கேக்காது. அவர்ட பக்கம் கல்லும் பலகையும் அப்படியே இரிக்கி. கதவு குசினியைப் பாத்த கதவு. குசினிக்கு அங்கால வாவி. மீன் வந்து முறைப்பாடு தந்தா அப்ப பாப்பம்.”

“அப்ப மெத்தையைக் கழட்டின எதுக்கு?”

“நாமெல்லாம் பிழையான கேள்வி கேட்டம், அங்கிள். சத்தத்தால ஆருக்குத் தொந்தரவு எண்டு தேடினம். ரியூபும் மெத்தையும் போனா சத்தம் எங்க வரும்? குசினிக்கு. அப்ப, ஆருக்கு அது வேணும்?” அவள் மாஜரின் டப்பாவைக் காட்டினாள். “வெளியால வந்தவன் ஆணியைப் பக்குவமாப் பிடுங்கி அடுக்கி வைப்பானா? இது இந்த வீட்டுச் சாமானை வீணாக்க விரும்பாத கை. ஒரு கேள்வி. இந்தப் புதுத் தட்டுப் பாட்டை நீங்க வீட்டில முணுமுணுத்தீங்களா?”

“நானா? கோயில்லயே நான் வாயை மட்டும்தான் அசைக்கிற.”

“கதவைச் சாத்தி நீங்க தனியாக் கேட்ட பாட்டு. உள்ள என்ன ஓடுதெண்டே தெரியாத அன்ரி அதைத்தான் இண்டைக்குத் தேத்தண்ணி வடிக்கக்குள்ள பாடினாங்க. ரியூப் போன பிறகு கதவுக்குக் கீழால வந்த சத்தம் போதாமத்தான் மெத்தையும் போயிரிக்கி.”

அல்பேட் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். எமிலி முந்தானையால் கை துடைத்துக்கொண்டு நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

“மெத்தை கட்டிலுக்குக் கீழ கிடக்கு,” என்றார். “நான்தான்.”

“நீ நெடுகலும் சத்தம் சத்தமெண்டு என்னை ஏசினாயே எமிலி!”

“ஏசினன்தான். பாட்டுப் பிடிக்காதெண்டு சொன்னனா? நாலு மணிக்கு உள்ள போய்ச் சாத்தினா ஒன்பது மணிக்குத்தான் வாறீங்க. வீடு சவக்காலை மாதிரிக் கிடக்கு. அறையக் கட்டச் சொன்னதும் நான். பிறகு திறங்க எண்டு எந்த முகத்தோட கேக்கிற?” அவர் குரல் இறங்கியது. “நீங்களும் நல்ல சந்தோசமா இருந்தீங்க. நான் இல்லாம.”

ஊரிலேயே சந்தோஷமான மனிதன் என்று திரிந்த நாலு மாதமும் அல்பேட்டுக்கு வெட்கமாகப் போனது. ஒப்பந்தத்தில் அயலவருக்கு இடம் இருந்தது, தனக்கு இடம் இருந்தது. எமிலியை அவர் நினைக்கவேயில்லை.

“உள்ள ஒரு கதிரை போடுறன்,” என்றார்.

“எனக்கு அதுக்குள்ள மூச்சு முட்டும். கறியும் அடுப்பில.”

அல்பேட் திருப்புளியை எடுத்துவந்தார். கதவின் பிணைச்சல்களைக் கழற்றினார். டினோஷா ஒரு பக்கம் பிடிக்க, கதவை நிலையிலிருந்து தூக்கிச் சுவரோடு சாத்தினார்கள்.

“மூர்த்தி அண்ணன்ல சந்தேகப்பட்டதை அவரிட்டச் சொல்லிராத மகள்.”

“எந்த மூர்த்தி அண்ணன்?” என்று கேட்டுவிட்டு டினோஷா செருப்பை மாட்டினாள்.

குசினியில் கறி கொதித்தது. அல்பேட் இசைத்தட்டுகளுக்கு முன்னால் போய் நின்றார். கை நீட்டியவர் எடுக்கவில்லை. கல்யாணம் முடித்து முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எமிலி, எந்தப் பாட்டுப் போட?”