எதிரே நின்றவள்

மூன்றாவது படத்தில் வீரனாரின் கண்கள் ஈரமாக இருந்தன. ராஜ்மோகன் கம்ப்யூட்டர் திரையை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தான். ஈரம் போகவில்லை. மட்டமான மார்க்கர், மை வழிந்திருக்கும் என்று உதட்டைப் பிதுக்கினான். தன்னைத் தவிர உலகத்தில் எல்லாமே மட்டமான சரக்கு என்பது அவன் கட்சி.

பீங்கான் கம்பெனியில் அவனுக்கு வேலையும் அதுதான். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் சுண்டுவான். ணங்கென்று நின்று ஒலித்தால் நல்லது. சத்தம் செத்துப்போனால் உள்ளே விரிசல். கறுப்பு மார்க்கரால் வட்டம் போட்டுக் கழித்துவிடுவான். லீவு நாளில் எட்டு மெகாபிக்சல் கேமராவோடு சூரியன் மறைவதை எடுக்கக் கிளம்பினால் அங்கேயும் இதே பார்வை. இன்டர்நெட்டில் படம் போடுகிறவர்கள் எல்லாரும் பனைமரத்தையும் ஆரஞ்சு வானத்தையும் விட்டால் வேறு தெரியாத பயல்கள். பெற்ற மகளையும் அவன் விட்டு வைக்கவில்லை. இளமதியின் இடது கண் வெள்ளையில் பிறந்ததிலிருந்தே கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று உண்டு. அவள் படங்களிலெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை அழித்துவிடுவான்.

இன்று சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஊர்க்காவல் தெய்வமான வீரனாருக்குப் புதுச் சிலை நின்றது. ஆளுயரச் சுடுமண் உடம்பு, வெள்ளைப் பூச்சு, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு. அதன் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் இருட்டடிக்காமல் இருக்க, இளமதியை நேர் எதிரே நிறுத்தித் தெர்மக்கோல் அட்டையைப் பிடிக்கச் சொன்னான். அட்டையில் பட்ட வெளிச்சம் திரும்பிச் சிலை முகத்தில் விழும்.

சிலை செய்த பார்வதி சுண்ணாம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சார், பாப்பாவ எதுக்க நிக்க வைக்காதீங்க. கண்ணு நாளைக்குத்தான் தெறப்போம்."

"கண்ணே இல்ல, அது எப்படிம்மா பாக்கும்?"

"தெறக்கும்போது எதுக்க கண்ணாடியத்தான் காட்டுவோம். ஆளு நிக்கக்கூடாதுங்க. மொதல்ல எதப் பாக்குதோ அத எடுத்துக்கும்."

"மண்ணு பெசையறவங்கல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க."

அவள் தண்ணீர் மொள்ள இறங்கினாள். கண்ணில்லாத முகம் படத்தில் எடுபடவில்லை. ராஜ்மோகன் சிலைக்குப் பக்கவாட்டில் போய் நின்று சட்டைப்பையிலிருந்த மார்க்கரை எடுத்தான். இரண்டு வட்டம், நடுவில் இரண்டு பொட்டு. அட்டையை ஆட்டாதே என்று மகளை அதட்டிவிட்டு மூன்று படம் எடுத்தான். மேலேறி வந்த பார்வதி சிலையைப் பார்த்தாள், அப்புறம் இளமதியைப் பார்த்தாள். சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினாள். பைத்தியக்காரி என்று சிரித்துக்கொண்டே அவன் பைக்கைக் கிளப்பினான்.

வரும் வழியெல்லாம் இளமதி அவன் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். தூக்கம் என்று நினைத்தான். வீட்டில் இறங்கியதும் தலையைக் குனிந்தபடியே உள்ளறைக்குப் போய்விட்டாள்.

இப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. மனைவி கயல்விழி ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். டியூப்லைட் ரீங்காரமும், காற்றாடி ஒவ்வொரு சுற்றிலும் எழுப்பும் கடகடப்பும், கூடவே இளமதி ஹோம்வொர்க் எழுதும் உள்ளறையிலிருந்து, மழையில் நனைந்த களிமண் குவியலிலிருந்து வருகிற மாதிரி ஒரு பச்சை மண் வாசனையும் வந்துகொண்டிருந்தன. சேற்றுச் செருப்போடு உள்ளே போயிருப்பாள், அவள் அம்மா வளர்த்த லட்சணம் என்று முனகியபடி முதல் படத்துக்குத் திரும்பினான்.

முதல் படத்தில் அவன் போட்ட வட்டம். வெறும் மை.

இரண்டாவதில் வட்டத்துக்குள் பழுப்பு நிறம் ஊறியிருந்தது. அவன் வரையாத இமைகள்.

மூன்றாவதைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

இடது கண். வெள்ளையில் ஒரு புள்ளி.

கடுகளவு. பழுப்பு.

அவனுக்கு அந்தப் புள்ளி தெரியும். எத்தனை தடவை அழித்திருக்கிறான். கை தானாக மவுசுக்குப் போனது. அழித்தான். புள்ளி போகவில்லை. கண் சிமிட்டியது.

"அப்பா."

உள்ளறையிலிருந்து குரல். அவன் எழுந்தான். பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் புள்ளி இருக்கவேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு போனான்.

உள்ளறையில் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. இளமதி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பென்சிலைத் தேடித் தரையைத் தடவின.

"கரண்டு எப்பப்பா வரும்? ரொம்ப நேரமா இருட்டா இருக்குது."

அவன் ஓரடி எடுத்து உள்ளே வைத்தான்.

"அப்பா, வந்துட்டீங்களா?"

திரும்பினாள். புருவம் இருந்தது. அதற்குக் கீழே கன்னம் வரைக்கும் வெள்ளை. வழவழப்பு. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை.

தூக்கம் வந்தால் செய்வதுபோல் கையை உயர்த்திக் கண்ணைக் கசக்கப் பார்த்தாள். நகம் பட்டது.

ணங்கென்று நின்று ஒலித்தது.