சொறி சொன்னால் தோணி வருமா?

கிறிஸ்டின் வீட்டில் ஒரு சொல் தண்ணீர் மாதிரிச் செலவாகும். அந்தச் சொல் 'சொறி', இங்கிலீசில் மன்னிப்புக் கேட்கிற சொல்.

கதிரையில் இடித்தால் கதிரைக்கும் ஒரு சொறி. தும்மினால் சொறி. அம்மா ஐவி குசினியிலிருந்து கூப்பிட்டது காதில் சரியாக விழாவிட்டால், "சொறி அம்மா?" என்று இழுத்துக் கேட்க வேண்டும். வழி விடச் சொல்லவும் சொறிதான். அண்ணன் ஹெக்டர் அவளுடைய கடைசி மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, நாக்கை நீட்டிச் "சொறீஈ!" என்பான். அதற்கு அர்த்தம் வேறு. செத்த வீட்டுக்குப் போனால் அப்பா லெஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிக மெல்லிய குரலில் அதே சொல்லைத்தான் சொல்லுவார்.

அப்பாவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்களுடைய சொல் மட்டும் அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஒழுங்கையில் இருந்த அசனாவின் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. அசனாவின் வாப்பா ஸஹாப்தீன் மீன்பிடிப்பவர். ஒருமுறை கிறிஸ்டின் தவறி அவருடைய காலை மிதித்துவிட்டுச் "சொறி" என்றாள்.

"எங்க மகள் சொறியுது? தேங்காயெண்ணெய் பூசவா?" என்று அவர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்.

அன்று முழுவதும் இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு அப்படிச் சிரிக்க ஒன்றும் நடக்கவில்லை.

அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. ஊரில் கோதுமை மா இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பாண் வந்தால் தெருவே ஓடும்.

ஆடி மாதத்து ஒரு பின்னேரம், டச்சுக் குடா மணலில் கிறிஸ்டினும் அசனாவும் சிப்பியும் சோகியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸஹாப்தீனின் சின்னத் தோணி பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தது. அதன் மூக்கில் கட்டிய கயிற்றின் மறுமுனை, கரையில் நட்ட கட்டையில் சுற்றியிருந்தது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

"அசனா! இஞ்ச வா புள்ள!" என்று உம்மா நஜ்முன் நிஸாவின் குரல் கேட்டது.

"இரி, வாறன்," என்று அசனா வீட்டுக்கு ஓடினாள்.

கிறிஸ்டின் இருந்தாள். இருந்து பார்த்தாள். அசனா வரவில்லை. கண் கயிற்றில் போய் நின்றது. கயிறு அடித்துத் துள்ளுவதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

கொஞ்ச நேரம்தானே? தோணி எங்கே போகப்போகிறது?

இரண்டு முடிச்சையும் அவிழ்த்தாள். ஈர மணலில் துள்ளத் தொடங்கினாள். மூச்சு வாங்கும்வரை துள்ளினாள். அப்போது ஹெக்டர் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"கிறிஸ்டின்! சங்கக்கடைக்குப் பாண் வந்திட்டுதாம்! ஆளுக்கு ஒரு றாத்தல்தான் குடுக்கினம். நீயும் வந்து நில்!"

கயிற்றைக் கழுத்தில் போட்டபடியே அவள் ஓடினாள்.

வரிசையில் இடித்து, மிதித்து, பலருக்குச் சொறி சொன்னார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது கடைக்காரர் பலகையை மூடினார்.

"சொறி, முடிஞ்சுது. நாளைக்கு வாங்கோ."

வெறும் பையோடு திரும்பும்போது ஹெக்டர், "அதென்ன உன்ர கழுத்தில? பெரிய மாலை?" என்று கேட்டான்.

கிறிஸ்டின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோணிக் கயிறு. கடற்கரைக்கு ஓடினாள்.

கட்டை நின்றது. தோணி இல்லை. வெகு தூரத்தில், குடாவின் வாய்க்கும் அப்பால், ஒரு தீக்குச்சி அளவில் ஏதோ கறுப்பாக மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஸஹாப்தீன் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ ஒருவருடைய தோணியை இரவல் வாங்கிக்கொண்டு துரத்திப் போனார். பொழுதுபட்டுத் திரும்பி வந்தபோது கடலில் மிதந்து கிடந்த துடுப்பு மட்டும் அவர் கையில் இருந்தது.

கிறிஸ்டின் ஒரு தாழை மரத்தின் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கயிற்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அறை முழுக்க உப்பு மணந்தது.

விடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு அசனாவின் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"நான்தான் அவிட்டனான்," என்றாள். "கயிறு அடிக்க எடுத்தனான். பிறகு பாணுக்கு ஓடினதில மறந்திட்டன். சொறி."

நஜ்முன் நிஸா அடுப்படியில் இருந்தபடியே அவளைப் பார்த்தார். ஸஹாப்தீன் எழுந்து வந்து கயிற்றை வாங்கினார். அதன் இரண்டு முனையையும் தடவிப் பார்த்தார். சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். தேங்காயெண்ணெய் பூசவா என்று கேட்கவில்லை.

"போங்க மகள். பள்ளிக்கு நேரமாகுது," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படலைவரைக்கும் அசனா பின்னால் வந்தாள்.

"இப்ப என்ன சொன்னாய்?"

"சொறி எண்டு..."

"நேத்துப் பாண் வாங்கப் போன இடத்தில ஆர்ர காலையும் மிதிச்சியா?"

"ஓம்."

"அவங்களுக்கு என்ன சொன்னாய்?"

"அதேதான்," என்றாள் கிறிஸ்டின்.

"காலுக்கும் அதான், எங்கட தோணிக்கும் அதானா?" அசனா படலையை இழுத்தாள். "போ கிறிஸ்டின். இனி வராத."

படலை மூடியது.

அன்று பின்னேரம் கிறிஸ்டின் அப்பாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஸஹாப்தீனிடம் போனார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, செத்த வீட்டில் சொல்லுகிற குரலில், "சொறி, ஸஹாப்தீன்" என்றார். புதுத் தோணி வாங்கிக் கொடுக்க அவரால் முடியாது. துறைமுகத்தில் வேலை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த நாள் முகம் வாடி வந்தார்.

"கேட்டனான் ஐவி. 'சொறி, இப்ப ஆள் எடுக்கிறேல்லை' எண்டு சொல்லிப்போட்டினம்."

தோணி கடற்படைப் பக்கம் ஒதுங்கியிருக்குமோ என்று ஸஹாப்தீன் அங்கே போனார். படலையில் நின்ற காவல்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "சொறி, உள்ளே போக ஏலாது."

கிறிஸ்டின் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்கக்கடைப் பலகை, துறைமுகக் கந்தோர்க் கதவு, கடற்படைப் படலை. எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. தான் சொன்னதும் அசனாவுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தவள் சோற்றைத் தள்ளி வைத்தாள்.

"வெரி வெரி சொறி எண்டு சொல்லிப் பாரன்," என்றான் ஹெக்டர். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அது நீளமாத்தான் இருக்கும். தோணியாயிராது," என்றாள் கிறிஸ்டின்.

ஸஹாப்தீன் கரைவலைக்குக் கூலியாகப் போனார். வலையின் சொந்தக்காரர் சோமசேகரம் சம்மாட்டியார். காலையில் வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். தன் தோணியில் தனியாகப் போய்வந்த மனிதர், இப்போது நீண்ட வரிசையின் கடைசியில் நின்று இழுத்தார். அவர் பங்குக்குக் கிடைத்தது ஒரு வேளைக் கறிக்கே பற்றவில்லை. கடற்கரையில் எதிர்ப்பட்டால் அசனா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

கிறிஸ்டின் ஒன்றைக் கவனித்தாள். இழுக்க இழுக்கக் கரைக்கு வரும் ஈரக் கயிற்றைச் சில பிள்ளைகள் வளைத்து வளைத்து மணலில் அடுக்கினார்கள். வலை ஏறியதும் சம்மாட்டியார் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கை மீன் கொடுத்தார். கையைக் கொடுத்தவருக்கு மீன் உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவள் போய்ச் சம்மாட்டியார் முன்னால் நின்றாள்.

"கிளாக்கர் ஐயாட மகளுக்கு இஞ்ச என்ன வேலை?"

"கயிறு வளைக்க வந்தனான்."

"கை உரிஞ்சு போகும், பிள்ளை."

"போகட்டும்."

"பிறகு ஐயா வந்து என்னோட கதைச்சா?"

"வீட்டில கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். அம்மா முதல்ல ஏலாது எண்டவ. பிறகு ஓம் எண்டிட்டா."

சம்மாட்டியார் தாடியைச் சொறிந்தார். "சரி, அந்தக் கடைசியில போய் நில்."

ஈரக் கயிறு பாம்பு மாதிரிக் கனத்தது. நார் கையில் குத்தியது. உப்புத் தண்ணீர் காயத்தில் எரிந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு கை சூடை மீன் கிடைத்தது. அதைப் பூவரசம் இலையில் பொதிந்து, அசனாவின் வீட்டுப் படலையில் செருகிவிட்டு, திரும்பி நடந்தாள்.

மறுநாள் அசனா வழியில் நின்றாள்.

"உன்ட மீனப் பூனைக்குப் போட்டன்."

கிறிஸ்டினின் வாய் பழக்கத்தில் 'சொ' என்று குவிந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"பூனை திண்டதா?"

அசனா இதை எதிர்பார்க்கவில்லை. "திண்டது," என்றாள்.

"அப்ப நல்ல மீன்தான்," என்று சொல்லிவிட்டு, கிறிஸ்டின் கரைக்குப் போனாள்.

அன்றும் மீன் கொண்டுபோய் வைத்தாள். அதற்கு அடுத்த நாளும் வைத்தாள். பூனை கொழுத்ததா, கறிச்சட்டி நிறைந்ததா என்று அவளுக்குத் தெரியாது. படலை திறக்கவில்லை.

ஒருநாள் காலை முழுக்க இழுத்தும் வலையில் குழகுழத்த சொறிமுட்டையும் பாசியும்தான் வந்தன. சம்மாட்டியார் வெறும் கையை விரித்தார். எல்லாரும் கலைந்து போனார்கள். கிறிஸ்டின் கயிற்றுக் குவியலின் மேல் இருந்து அழுதாள். எத்தனை கயிறு வளைத்தாலும் போன தோணி போனதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மணலில் ஒரு நிழல் விழுந்தது. ஸஹாப்தீன்.

"கையக் காட்டுங்க மகள்."

அவள் காட்டினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து, தோல் கிழிந்திருந்தன. அவர் குனிந்து அவள் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"எங்க மகள் எரியுது?" என்றார். "தேங்காயெண்ணெய் பூசவா?"

கிறிஸ்டினுக்கு அழுகை இன்னும் கூடியது. ஆனால் அது வேறு மாதிரி அழுகை.

அடுத்த நாள் காலை, வரிசையின் கடைசியில் அவள் தன் இடத்தில் நின்றபோது பின்னால் யாரோ வந்து கயிற்றைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். அசனா. பாவாடைக்கு மேல் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அது தோணிக் கயிறு.

"வாப்பா தந்தார்," என்றாள் அசனா கடலைப் பார்த்துக்கொண்டு. "கட்டுறதுக்கு இப்ப ஒண்டுமில்ல, ரெண்டு பேரும் துள்ளுங்க எண்டார்."

தூரத்தில் அந்தக் கட்டை வெறுமையாக நின்றது. இருவரும் கயிற்றை வளைக்கத் தொடங்கினார்கள். இழுப்பவர்கள் ஒரே மூச்சாகப் பின்னால் வர, கயிறு குபுகுபுவென்று வந்து குவிந்தது. அசனா தடுமாறினாள். அவளுடைய குதிக்கால் கிறிஸ்டினின் பெருவிரலில் ஏறியது.

"ஆ!"

"சொறி!" என்றாள் அசனா.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"காலுக்குத்தானே?" என்று கிறிஸ்டின் கேட்டாள்.

"காலுக்கு மட்டும்தான்," என்றாள் அசனா.

"அப்ப சரி. கயிற்றைப் பிடி, வருது!"