உமா போடாத மனு

செவ்வாய்க்கிழமை, மாலை 4.10.

அடைக்கலம் கேட்டு உமாமகேஸ்வரி மனுப் போட்டிருக்கிறாள் என்று கனடாவிலிருந்து வந்த அரசாங்கக் கடிதம் சொன்னது. நான் போடவே இல்லை என்று, படிக்கப் போய் அங்கேயே இருக்கும் உமா போனில் சொன்னாள். கடிதத்தில் அவளுடைய பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, போலகத்து வீட்டு முகவரி எல்லாம் புள்ளி பிசகாமல் இருந்தன. போடாத மனு எப்படிப் போய்ச் சேரும்? அக்கா நீலாயதாட்சிக்குப் பத்து நாளாக விடை கிடைக்கவில்லை.

காரைக்கால் நீதிமன்றத்துக்கு எதிரே, மாடியில் இருந்த நோட்டரி அஜீசுன்னிசாவின் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன் செம்பியன், மடியில் இரண்டு ஹெல்மெட்டோடு. நீலாவுக்குத் திருமலைராயன்பட்டினத்து அரசுப் பள்ளியில் எழுத்தர் வேலை. செம்பியனுக்கும் அதே வேலைதான்; ஆனால் புதுச்சேரி எல்லையான வாஞ்சூரைத் தாண்டி, தமிழ்நாட்டில், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளியில்.

"இந்த சீல் உங்களோடதுதானே மேடம்?" நீலா செல்போனை நீட்டினாள்.

உமாவுக்கு அங்கே கிடைத்த இலவச சட்ட உதவி வக்கீல், மனுவின் நகலை வாங்கி நேற்றுதான் அனுப்பியிருந்தார். மனுவோடு ஒரு சத்தியப் பத்திரம் இணைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பையன் என்பவர் எழுதிக் கொடுத்தது. அடியில் அஜீசுன்னிசாவின் கையெழுத்து, வட்ட முத்திரை. 'ஆகஸ்ட் 16, காரைக்கால் நீதிமன்ற வளாகத்தில் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.'

அஜீசுன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். ஐம்பது வயது இருக்கும். எதையும் விளக்காமல் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியாது. முத்திரை வில்லை ஒட்ட வந்தவருக்கு வில்லை எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவார். இப்போது முத்திரையின் ஓரத்தை மட்டும் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"சீல் என்னுதுதான்," என்றார் கடைசியில். "ஆனா இந்த வருஷத்து சீல் இல்ல. கீழ பாரு, வட்டம் ஒரு இடத்துல விட்டுப்போயிருக்கு. ரப்பர் கீறிப்போச்சுன்னு பொங்கலுக்கே மாத்திட்டேன். ஆகஸ்ட்ல இந்த சீல் என்கிட்ட கெடையாது."

"அப்ப பழைய பத்திரத்துலேர்ந்து எடுத்திருக்காங்க."

"உமா படிக்கப் போறப்ப ஒண்ணு போட்டுக் குடுத்தேனே. அது யார் யார்கிட்ட இருக்கு?"

"உமாகிட்ட ஒண்ணு. விசா வேலை பார்த்த ராஜ்மோகன் சார்கிட்ட ஒண்ணு. எங்க வீட்டு பீரோவுல ஒண்ணு."

மாலை 4.25.

"கருப்பையன் யாரு?"

"எங்க தெருவுல அப்படி யாருமே இல்ல மேடம்."

"மனுவுல இருக்கற கதை?"

நீலா சொன்னாள். மதம் மாறியதற்காக அப்பா தெட்சிணாமூர்த்தி உமாவை அடித்ததாகவும், இந்த மார்ச் மாதம் அவள் காரைக்காலிலிருந்து தப்பிக் கனடா போனதாகவும் எழுதியிருந்தது. உமா மதம் மாறவில்லை. அப்பா அவளை ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவள் கனடா போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

"பாஸ்போர்ட்டப் புரட்டினாலே அஞ்சு நிமிஷத்துல விழுந்துடற பொய்," என்றார் அஜீசுன்னிசா. "கைரேகை வைக்க என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

"இன்னைக்குத்தான். அங்க காலைல பத்து மணி. நமக்கு ஏழரை."

செம்பியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. யாரோ தப்பாப் போட்ட மனு. போய் ரேகைய வச்சுட்டு, வாபஸ்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது. உமாவோட வேலை பார்க்குற அனுமதி அடுத்த மாசம் முடியுது. பிளைட் ஏறி ஊருக்கு வந்துடட்டும். எதுக்கு இப்படி அல்லாடணும்?"

நீலாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தப்பான மனுவைத் திரும்பப் பெறுவதில் என்ன இருக்கிறது?

அஜீசுன்னிசா அவன் பக்கம் திரும்பினார். "நல்ல யோசனை," என்றார். "மொதல்ல எனக்கு ஒரு விவரம் வேணும். உமா நெஜமாவே அடைக்கலம் கேக்கறதா இருந்தாளா?"

நீலா செம்பியனைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆமாம், இருந்தாள். செம்பியனின் தம்பி சிவநாதனுக்கு உமாவைக் கொடுப்பதாகப் பேச்சு. அக்கா போன வீட்டுக்கே தங்கையும் போவது அவர்கள் பக்கத்தில் வழக்கம்தான். உமா மாட்டேன் என்றாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வயலில் மோட்டார் கொட்டகைக்குள் அவளைத் தள்ளிப் பூட்டினான் சிவநாதன். சுற்றி டீசலை ஊற்றிவிட்டு, தீப்பெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தான். போலீசில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கினார்கள். பிறகு இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி, அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டன. அன்றிலிருந்து சிவநாதன் நீலாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போதும் மாதம் ஒரு முறை உமாவின் போனுக்குப் படம் வரும். அதே கொட்டகைக் கதவு, அதில் புதுப் பூட்டு. கீழே ஒரு வார்த்தை இருக்காது.

"மெட்ராஸ் போனா, பெங்களூர் போனா ஆகாதான்னு அங்க கேப்பாங்களே?"

"மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்தப்பவும் வாசல்ல வந்து நின்னான் மேடம். ரெண்டு தடவ எடம் மாத்தினா. ரெண்டு தடவையும் கண்டுபிடிச்சுட்டான்."

"உமா அடைக்கலம் கேக்கப் போறது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. ராஜ்மோகன் சாருக்கு. ஜூலையில இவர்கிட்ட சொன்னேன்."

"எந்தம்பி செஞ்சது தப்புதான்," என்றான் செம்பியன். "நான் இல்லேங்கல."

மாலை 4.45.

அஜீசுன்னிசா ராஜ்மோகனை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"உமாமகேஸ்வரி பேர்ல நீங்க மனு ஏதும் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லீங்க மேடம். நான் போட்டா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம எப்படிப் போடுவேன்? அது நேர்ல போயி ரேகை வச்சாத்தான் எதுவுமே நடக்கும்."

"ஆகஸ்ட் பதினாறு ஆபீஸ் தொறந்திருந்தீங்களா?"

"அன்னைக்கு யாரு மேடம் தொறப்பா? குடும்பத்தோட வேளாங்கண்ணில இருந்தேன். ஏன், உங்களுக்கு அன்னைக்கு வேலையா?" அவர் சிரித்தார்.

அஜீசுன்னிசா சிரிக்கவில்லை. வைத்துவிட்டு, செம்பியனிடம் காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "தம்பி, இதை எதிர்க்கடைல ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றீங்களா? கூட்டமா இருக்கும், நின்னு வாங்கிட்டு வாங்க."

அவன் இறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"நீலா, ஆகஸ்ட் பதினாறு வீட்ல யார் யார் இருந்தீங்க?"

"நான் இருந்தேன். பசங்களுக்கும் லீவு. அவருக்கு மட்டும் ஆபீஸ். சாப்பாடு கட்டிக் குடுத்தேன்." சொல்லி முடித்த பிறகுதான், தான் எதையோ சொல்லிவிட்டோம் என்று நீலாவுக்குத் தோன்றியது. எதை என்று தெரியவில்லை.

அஜீசுன்னிசா கணினியைத் திருப்பினார். போலி மனுவில் இருந்த மின்னஞ்சல் முகவரி உமாவுடையது அல்ல. அதைத் தட்டி, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற இடத்தில் அழுத்தினார். பதிவு செய்த செல்போனுக்குக் குறியீடு அனுப்பவா என்று திரை கேட்டது. எண்ணை முழுதாகக் காட்டவில்லை. நட்சத்திரக் குறிகளுக்குப் பின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும்: 63.

"இதுல அனுப்புன்னு அழுத்தக் கூடாது. அழுத்தினா அந்த ஆளுக்குத் தெரிஞ்சுடும்," என்று விளக்கிவிட்டு, பக்கத்தை அப்படியே மூடினார். "உன் வீட்டுக்காரர் நம்பர் என்ன?"

நீலா சொல்ல ஆரம்பித்தாள். கடைசி இரண்டு எண்களுக்கு முன் நாக்கு நின்றுவிட்டது.

அஜீசுன்னிசா நகரக் காவல் நிலையத்தைப் போனில் அழைத்துப் பேசினார். மிகச் சிறிய அழைப்பு.

மாலை 5.15.

செம்பியன் ஜெராக்ஸோடு வந்தான். வாசலுக்கு வெளியே ஒரு தலைமைக் காவலர், யாரையோ பார்க்க வந்தவர் போல, சுவரில் சாய்ந்து நின்றார்.

"உக்காருங்க," என்றார் அஜீசுன்னிசா. "வரிசையா சொல்றேன். தப்பிருந்தா திருத்துங்க. அங்க படிக்கவோ வேலைக்கோ போனவங்க தற்காலிகமா இருக்கறவங்க. ஊருக்குத் திரும்பினா உயிருக்கு ஆபத்துன்னா, என்னைக் காப்பாத்துங்கன்னு அந்த நாட்டுக்கிட்ட கேக்கலாம். பதில் வர்ற வரைக்கும் சாதாரணமா அனுப்ப மாட்டாங்க. அதனால பொய்க் கதை எழுதிப் போடற ஏஜென்ட்டும் உண்டு. ஆனா ஏஜென்ட் ஜெயிக்கத்தான் பார்ப்பான். இந்த மனுவப் போட்டவன் உமாவுக்குத் தெரியாத மெயில் விலாசம் குடுத்திருக்கான். அவ எப்ப நாட்டுக்குள்ள வந்தான்னுகூடத் தப்பா எழுதியிருக்கான். ஏன்? அவனுக்கு ஜெயிக்க வேணாம். தோக்கணும்."

"தோத்தா யாருக்கு என்ன லாபம்?" செம்பியன் மெதுவாகக் கேட்டான்.

"அங்கதான் சட்டம் இருக்கு. ஒரு ஆள் ஒரு தடவைதான் கேக்கலாம். ரேகை வச்சு மனு விசாரணைக்குப் போயிட்டா, அதைத் தள்ளுபடி பண்ணாலும் சரி, போகாம விட்டாலும் சரி, நீங்க சொன்ன மாதிரி வாபஸ் வாங்கினாலும் சரி, அதோட சரி. மறுபடி கேக்க முடியாது. நெஜக் காரணம் கையில இருந்தும் வாயத் தொறக்க முடியாது. அனுமதி முடியும், பிளைட் ஏத்துவாங்க. மெயில்ல மட்டும்தான் கூப்பிடுவாங்க, அவளுக்குத் தெரியாமலே மனு தோத்துடும்னு நெனச்சீங்க. அவங்க தபால்லயும் ஒரு கடிதம் போட்டுட்டாங்க. அதனாலதான் வாபஸ்னு ஆரம்பிச்சீங்க."

"நானா?"

"பழைய பத்திரம் மூணு இடத்துல இருக்கு. உமா தானே தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்க மாட்டா. சிவநாதன் உங்க வீட்டு வாசல் மிதிச்சு மூணு வருஷம் ஆச்சு, பீரோவத் தொடல. மிச்சம் ராஜ்மோகனும் நீங்களும். அதைப் பிரிச்சுக் காட்டறது தேதி. ஆகஸ்ட் பதினஞ்சு எல்லாருக்கும் லீவு. பதினாறு நமக்கு மட்டும் லீவு, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த நாள். கோர்ட் வாசல்ல பூட்டு தொங்கும். காரைக்கால்ல பொறந்த ராஜ்மோகன் அன்னைக்குக் கோர்ட்ல கையெழுத்து வாங்கினதா எழுதவே மாட்டார். வாஞ்சூரத் தாண்டினா அது சாதாரண புதன்கிழமை. உங்க ஆபீஸ் காலண்டர்ல கறுப்பு எழுத்து. அன்னைக்கு ஸ்கேனர் முன்னாடி உக்காந்து, அன்னைத் தேதியையே போட்டுட்டீங்க."

"யாரு வேணாலும் தேதியத் தப்பாப் போடலாம் மேடம்."

"போடலாம். அந்த மெயிலுக்குக் குடுத்த போன் நம்பரோட கடைசி ரெண்டு எண் அறுபத்து மூணு. உங்க நம்பரும் அதுலதான் முடியுது."

செம்பியன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீலாவைப் பார்த்தான். குரலில் கோபமே இல்லை. தினமும் காபி கேட்கும் குரல்தான் அது.

"அவ வந்துதான் ஆகணும் நீலா. தம்பி மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான். கொட்டகையெல்லாம் கூட்டி வச்சிருக்கான்."

நீலாவுக்கு உடம்பு சில்லிட்டது. இந்த மனிதனுக்குப் பக்கத்தில் நீலா பதினோரு வருடமாகப் படுத்து எழுந்திருக்கிறாள். தலைமைக் காவலர் உள்ளே வந்து செம்பியனின் தோளில் கை வைத்தார். அவன் மறுக்காமல் எழுந்து போனான். ஒரு ஹெல்மெட் நாற்காலியிலேயே கிடந்தது.

மாலை 5.35.

"என்னால வீட்டுக்குப் போக முடியாது மேடம்."

"போக வேணாம். பசங்களையும் உங்க அப்பாவையும் கூட்டிட்டு வர ஆள் போயிருக்கு. சிவநாதனத் தேடச் சொல்லி நாகூர் போலீசுக்கும் சொல்லியாச்சு." அஜீசுன்னிசா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "இப்ப ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் கொட்டகைப் பூட்ட ஒடச்சு, அவளை வெளிய கொண்டுவந்தது யாரு?"

அன்றைக்குப் போலீஸ் கேட்டபோது, நான் எதையும் பார்க்கவில்லை, வீட்டில் இருந்தேன் என்று சொன்னவள் நீலா. அப்படிச் சொல்லச் சொன்னவன் செம்பியன்.

"நான்தான். டீசல் வாடை ரெண்டு நாளு கையில போகல. போலீஸ்கிட்ட வீட்ல இருந்தேன்னு பொய் சொன்னேன்."

"அதை எழுது. அன்னைக்குப் பொய் சொன்னதையும் சேர்த்து எழுது. மறைச்சா அதுவே அவளுக்கு எதிரா நிக்கும்."

நீலா எழுதினாள். அஜீசுன்னிசாவும் ஒரு பத்திரம் எழுதினார். தன் முத்திரை சம்பந்தப்பட்ட விஷயத்தில் தானே முத்திரை வைக்கக் கூடாது என்பதால், பக்கத்து அறை நோட்டரி தமிழ்மொழி என்பவரை அழைத்து இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் எடுத்து உமாவுக்கு அனுப்பினார்.

மாலை 6.05.

வீடியோ அழைப்பில் உமா வந்தாள். அங்கே காலை எட்டு முப்பத்தைந்து. குளிர்ச்சட்டை போட்டுக் கிளம்பி நின்றாள்.

"அக்கா, போகாமலே இருந்துடவா? பயமா இருக்கு."

"போகாம இருந்தா மனுவக் கைவிட்டதா எழுதிடுவாங்கடி. மேடம் சொல்றதக் கேளு."

அஜீசுன்னிசா போனை வாங்கினார். "உமா, அந்தப் போலி மனு இன்னும் விசாரணைக்குப் போகல. நீ ரேகை வைக்கல, அதனால இன்னும் நேரம் இருக்கு. உன் வக்கீலையும் கூட்டிட்டுப் போ, அவர்கிட்டயும் பேசிட்டேன். உள்ள போனதும், ரேகை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லு: இந்த மனு நான் போட்டதில்ல, கையெழுத்து என்னுது இல்ல. வாபஸ்ங்கற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது. அப்புறம் என் பத்திரத்தக் குடு. சீல் பழசு, அன்னைக்குக் கோர்ட் லீவுன்னு அதுல இருக்கு. அரசாங்க விடுமுறைப் பட்டியலும் சேர்த்திருக்கேன். அதுக்கப்புறம் உன் சொந்த மனு, போலீஸ் ரசீது, பூட்டுப் படங்க, உங்க அக்கா எழுதின சாட்சி. இந்த வரிசை மாறாமக் குடு. அந்த மனு உன்னுது இல்லேன்னு ஆனாத்தான், இது உன் மொத மனுவா நிக்கும்."