புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை

திருப்போரூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் குடைகளை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் வாளியில் செருகி வைத்திருந்தார்கள். நாவலூர் போகிற பஸ் வந்ததும் இளைஞன் ஒருவன் ஒரு குடையை உருவிக்கொண்டு ஓடினான்... அது கோதையின் குடை.

"ஹலோ... அது என்னோடதுங்க!"

அவன் திரும்பினான். அடடா, அந்தக் கண்கள்... நனைந்த இமைகளுக்குக் கீழே, எதிலோ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கலக்கம். கோதைக்கு ஒரு கணம் சொல்ல வந்ததே மறந்து போனது. பஸ் ஹாரன் அடித்ததும்தான் கோபம் திரும்பி வந்தது.

"என்னோடது பச்சை. நீங்க வெச்சது அரக்கு, அதோ வாளியிலயே இருக்கு. பார்த்து எடுக்கக் கூடாதா?"

"சாரிங்க... ரெண்டும் ஒரே மாரி இருந்திச்சு."

பச்சையும் அரக்கும் ஒரே மாதிரியாம்! சாக்கு சொல்லக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

பாவம், அது சாக்கு இல்லை. சம்பத்துக்குப் பச்சையும் சிவப்பும் பிறந்ததிலிருந்தே ஏறக்குறைய ஒன்றுதான்... இரண்டும் காய்ந்த புல்லின் நிறம். செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா ரயில் ஓட்டுபவர்; மகனும் இன்ஜினில் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. அவனுக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெளியில் மூச்சு விடாதே, அப்புறம் எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா வாயைப் பொத்தினாள்.

அந்த வீட்டின் மௌனத்திலிருந்து தப்பித்து, கம்ப்யூட்டர் படித்து, நாயாய் அலைந்து நாவலூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை வாங்கியிருந்தான். இன்றுதான் சேர்கிறான். இது தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும்... நிறம் தெரியாதவனை நம்பித் திரையைச் சரிபார்க்க யார் கொடுப்பார்கள்?

விதியைப் பாருங்கள். அவன் போய்ச் சேர்ந்த குழுவின் டிசைனர், மாமல்லபுரத்துப் பெருமாள் கோயில் கைங்கரியக்காரரின் மகள்... சாட்சாத் பச்சைக் குடைக்காரி.

கம்பெனிக்குள் அப்போது டாஷ்போர்டு பேச்சுதான். கடிதம், கணக்கு, நாட்காட்டி என்று அலுவலக வேலை எல்லாம் அடங்கிய ஒரு மென்பொருள். அதைத் திறந்ததும் மொத்த நிலவரத்தையும் சுருக்கிச் சொல்கிற முதல் பக்கம். பெட்டி பெட்டியாக இருக்கும். அவரவர் வேலைக்குத் தக்கபடி பெட்டியை இழுக்கலாம், சுருக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். கோதை தன் உயிரையே அதில் வைத்திருந்தாள். வேலை முடிந்தால் பச்சைப் புள்ளி, தாமதமானால் சிவப்புப் புள்ளி. ஒரு எழுத்து கிடையாது. பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

சம்பத் சமாளித்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் நிரலில் ஓர் எண் உண்டு. உள்ளே போய் எண்ணைப் படித்துவிட்டுத்தான் சரி என்பான். நேரம் பிடிக்கும், ஆனால் தப்பு வராது.

காலையில் அதே டீக்கடை, அதே வாளி. அவள் தன் குடையை எடுக்கும்வரை அவன் கையை நீட்டவே மாட்டான். எவ்வளவு மரியாதை என்று அவள் உருகினாள்... மிச்சம் இருப்பதுதான் தன்னுடையது என்று அவன் காத்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? குடைத் திருடர் இன்றைக்கு லேட் என்று அவள் சீண்டுவாள். திருடன் வாங்கிக் கொடுத்தால் டீ குடிப்பீங்களா என்று அவன் கேட்பான். கேளம்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலில் வழிகிற மழையை இருவரும் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். புள்ளிக்குப் பக்கத்தில் 'முடிந்தது', 'தாமதம்' என்று ஒரு வார்த்தை போட்டால் என்ன? அவள் சிரித்தாள். மறுபடி கேட்டான், முறைத்தாள். விடாமல் கேட்டபோது வெடித்துவிட்டாள்.

"என் புள்ளியே பேசும் சம்பத். இதை ஏன் கவர்மென்ட் ஆபீஸ் நோட்டீஸ் போர்டு ஆக்கப் பாக்கறீங்க?"

அவன் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய நாள். இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் நிறங்களை மாற்றிய கோதை, அவசரத்தில் பச்சை இருந்த இடத்தில் சிவப்பையும் சிவப்பு இருந்த இடத்தில் பச்சையையும் போட்டுவிட்டாள். மேனேஜர் அருணகிரி தலைமேல் நின்று விரட்டினார். எண்ணைப் படிக்க சம்பத்துக்கு நேரமே கொடுக்கவில்லை. திரையைப் பார்த்தான்... புள்ளிகள் இருந்தன. சரி என்றான்.

கூட்டத்தில் தாமதமான வேலைகள் எல்லாம் பச்சைப் பசேல் என்று மின்னின. வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போனதும் யார் சரிபார்த்தது என்று அருணகிரி கத்தினார். அவமானத்தில் கோதைக்குக் கண்மண் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அவன் அவளையே பார்த்தான். முதல் நாள் மழையில் பார்த்த அதே கலக்கம்...

"தெரியாதுங்க."

அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு மழை மட்டும் வந்தது. டீக்கடை வாளியில் அரக்குக் குடை இல்லை. தப்பு செய்தவன் போனால் எனக்கென்ன என்று அவள் வீறாப்பாகத்தான் இருந்தாள்... அந்த வாளியை ஒருமுறை பார்க்காமல் மட்டும் பஸ் ஏற முடியவில்லை.

அவன் இடத்துக்கு வந்த ஜெசிந்தா ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினாள். சம்பத் தனக்கென்று அமைத்து வைத்திருந்த டாஷ்போர்டு. புள்ளி வைத்த பெட்டி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் மறைத்திருந்தான். எழுத்தும் எண்ணும் உள்ள பெட்டிகள் மட்டும் ஓரமாய் ஒட்டிக்கொண்டிருந்தன. என் புள்ளிமேல் இத்தனை வெறுப்பா என்றுதான் முதலில் சுருக்கென்றது. அப்புறம்... ரெண்டும் ஒரே மாரி இருந்திச்சு...

கோதை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு பெரிய பாவி நான்! அவன் கெஞ்சியது அழகுக்காக இல்லை, பிழைப்புக்காக. வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய், நிறத்தை மாற்றிப் போட்டது தான்தான் என்று அருணகிரியிடம் சொன்னாள். புள்ளிக்குப் பக்கத்தில் வார்த்தையைச் சேர்த்தாள். அப்புறம் அவனுக்கு ஃபோன் செய்து, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். வீட்டுக்கு வராதீங்க, நானே வர்றேன் என்றான்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. வானமும் கடலும் ஒரே சாம்பலாய்க் கிடந்தன. அவன் இளைத்திருந்தான். கருங்குழியில் மாமாவின் லாரி ஷெட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னான். அங்கே யாரும் நிறம் கேட்கமாட்டார்களாம். அவள் மன்னிப்புக் கேட்டாள். புள்ளிக்குப் பக்கத்தில் இப்போது வார்த்தை இருக்கிறது, திரும்பி வரலாம் என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா பாவம்னு பாப்பீங்க. அதுக்கு நீங்க திட்டுறதே தேவலன்னு தோணிச்சு." அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க இன்னா கலர்ல வந்தாலும் எனக்குத் தெரியாதுங்க. ஆனா தூரத்துல நடந்து வந்துகினு இருக்கறது நீங்கதான்னு தெரிஞ்சிடும். மத்த யாரும் எனக்கு அப்டித் தெரிஞ்சதில்ல... புடிச்சிருந்திச்சு. அத்த மட்டும் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

போகத் திரும்பினான். அப்பா என்ன சொல்வாரோ, அவன் வீட்டில் என்ன சொல்வார்களோ... எல்லாம் ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது. ஓடிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைன்னா கேளுங்க சம்பத். தினமும் கேளுங்க... தினமும் நான் சொல்றேன்."

மழை பிடித்துக்கொண்டது. இருவரிடமும் குடை இருந்தது, ஒருவரும் விரிக்கவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு அவள் துப்பட்டாவின் நுனியைப் பார்த்து, புள்ளிப் புத்தகத்தை நீட்டிய டாக்டர் முன்னால் நின்ற அதே பயத்தோடு மெல்லக் கேட்டான்.

"இன்னிக்கு... இன்னா கலரு?"

"சிவப்பு" என்றாள் கோதை, அழுதுகொண்டே.