மார்கழியில் சுழன்ற மின்விசிறி

திருநாவுக்கரசு வந்தபோது அருள்முருகன் ஓர் ஆளுக்கான சோற்றை வடித்துக்கொண்டிருந்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. விலங்கியல் படித்தவன். காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சந்தேக மரணங்களை விசாரித்துக் கொடுப்பவன். மனைவி மாலதி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தம்பி தமிழ்மணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். விசாரணை ஏதாவது இருந்தால் கூப்பிடாமலேயே ஒட்டிக்கொள்வான்.

வந்தவர் குறிஞ்சிப்பாடிக்காரர். கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு சாயக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பொண்டாட்டிய நானே கொஞ்சங் கொஞ்சமா கொல்றேன்னு சொல்றாங்க சார்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மனைவி எழிலரசி தீபாவளியிலிருந்து இளைத்துக்கொண்டே போகிறாள். சாப்பாடு குறையவில்லை, முன்னைவிட அதிகம் சாப்பிடுகிறாள். சிதம்பரத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தது. ஆனால் ஸ்கேனில் அவள் கழுத்துச் சுரப்பி வேலை செய்யாமல் தூங்குகிறது. அப்படியானால் ஹார்மோன் வெளியிலிருந்து உள்ளே போகிறது, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார் டாக்டர். அவள் இல்லை என்றாள். அவளுடைய அண்ணன் பொன்னுரங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்திக்குத் தெரியாமல் மருந்து போகிறது என்றால் கலப்பது மற்றவன்தானே? இன்று சாயங்காலம் தங்கையைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகிறார். நாளைக்குப் போலீசில் புகார்.

"உங்க மனைவி என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். அதான் எனக்குத் தாங்கல."

அன்று ஞாயிறு; தமிழ்மணியும் ஒட்டிக்கொள்ள, மூவரும் பஸ் ஏறினார்கள். கம்பெனி ரசாயனம் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வந்திருக்கும் என்று தமிழ்மணி வழியெல்லாம் வாதாடினான். அப்படியென்றால் சட்டை போட்டவர்தான் முதலில் இளைத்திருப்பார் என்றான் அருள்முருகன்.

குறிஞ்சிப்பாடியில் வெயில் ஏறியும் பனிக்குளிர் விடவில்லை. தெருவில் ஆண்கள் காதில் மப்ளர் சுற்றியிருந்தார்கள். திருநாவுக்கரசின் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. அதன் கீழே எழிலரசி நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது. டீ கொண்டுவந்தபோது தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. கொல்லையில் ஒரு நாய், விலா எலும்பு தெரிய, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. வழித்து நக்கிய சட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி மறுபடி நக்கியது.

கட்டிவைத்த பை பக்கத்தில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார்.

"திருடனைக் கண்டுபிடிக்க வந்தீங்களா? கூடவே கூட்டியாந்திருக்கீங்களே," என்றார்.

தமிழ்மணி சமையலறையைக் கலைத்துப்போட்டான். உப்பு ஜாடி, மாவு டப்பா, சாமி அலமாரி வரை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஒரு மாத்திரை உறைகூட இல்லை. அருள்முருகன் நாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாய்க்கு என்ன போடுறீங்க?"

அதெல்லாம் எழில் பார்த்துக்கொள்வாள் என்றார் திருநாவுக்கரசு. கறிக்கடைக்காரர் கண்ணாயிரம் ஆட்டுத் தொண்டை, குழாய் என்று கழிப்பதை நாய்க்குச் சும்மா கொடுப்பாராம். தீபாவளியிலிருந்து ஓட்டல் ஒன்றுக்கும் அவர்தான் கறி போடுகிறார். அதனால் இப்போது நிறைய வருகிறது.

"கறி எடுக்குற அன்னிக்கி ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுவீங்களா?"

"நான் முன்னாடி சாப்ட்டுருவேன். அது அப்பறமா சாப்பிடும்."

"என்ன சாப்பிடுவாங்க?"

"அதே கொழம்புதான்."

"பாத்திருக்கீங்களா?"

திருநாவுக்கரசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அருள்முருகன் எழிலரசியிடம் அனுமதி கேட்டு, பிரிட்ஜிலிருந்த பொட்டலத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் பிரித்தான். ஆட்டுத் தொண்டைகள். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டியிருந்த கருஞ்சிவப்புக் கட்டிகளை விரலால் காட்டினான்.

"இதான் ஆட்டோட தைராய்டு. நீங்க எல்லாரும் மனுசங்கள மட்டும் எண்ணுனீங்க. இந்த வீட்ல இளைக்கிறது ரெண்டு உசுரு. கொல்ல நெனைக்கிறவன் நாய்க்கும் சேத்து மாத்திரை கலக்க மாட்டான். அவங்களும் நாயும் தின்னு, இவரு தின்னாதது எதுன்னு பாத்தேன்."

"வேக வெச்சா செத்துடாதா மாமா?" என்றான் தமிழ்மணி.

"கிருமியா சாகுறதுக்கு? ஹார்மோன் கொதிக்கிறதுக்கெல்லாம் அசையாது." பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினான். "ஒடம்புல செல்லுக்குள்ள இந்த ஹார்மோனை வாங்கிக்கிறதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு. ஹார்மோன் வந்து அதுல ஒட்டினதும் செல்லு வேகமா எரிக்க ஆரம்பிக்கும். அதான் வேர்வை, கை நடுக்கம். கொழுப்பு, சதை எல்லாம் கரையும். மூளையில பசியப் பாத்துக்குற எடத்துலயும் அதே ஏற்பி. அது இன்னும் சாப்பிடுன்னு தூண்டும். சாப்பிட்டது பத்தாது, அதுக்குள்ள எரிஞ்சிடும். வந்த ஹார்மோன் யாரு கழுத்துல ஊறினதுன்னு மட்டும் ஏற்பிக்குத் தெரியாது. ஆட்டுதும் நம்புளுதும் ஒண்ணுதான். ரத்தத்துல இவ்ளோ இருக்கேன்னு இவங்க சொந்தச் சுரப்பி வேலைய நிறுத்திடுச்சு."

எழிலரசி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு நாள் தொண்டைக் கறி வைத்தாளாம். இதெல்லாம் நாய் தின்பது என்றாராம் மாமியார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் நாய்க்கென்று சொல்லியே வாங்கினாள். பாதி நாய்க்கு, பாதி தனக்கு. பசி கூடக் கூட அதையே கூட்டிக்கொண்டாள். மாத்திரை உண்டா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"அம்மா மிளகு போட்டு வெக்குமே, அதுவா?" பொன்னுரங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

அவள் தலையசைத்தாள்.

தீபாவளிக்கு முன்னால் எப்போதோ ஒரு முறை தின்றதால் ஒன்றும் ஆகவில்லை, இப்போது நிறுத்தினால் சில வாரங்களில் உடம்பு தேறிவிடும், ஆனால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றான் அருள்முருகன். பொன்னுரங்கம் எழுந்து மச்சானின் கையைப் பிடித்தார். திருநாவுக்கரசு அதைக் கவனிக்கவே இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல, எழில்?"

"சாப்ட்டதும் எழுந்து போயிடுவீங்க மாமா. அப்பறம் யாருகிட்ட சொல்றது?"

சாயங்காலம் ஆட்டோ வந்தது. புகார் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னாள். உடம்பு தேறும்வரை சிதம்பரத்தில் இருக்கிறேன் என்று புருஷனிடம் சொன்னாள். தேறிய பிறகு என்ன என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையை அவளே தூக்கிக்கொண்டாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் தமிழ்மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். அருள்முருகன் செருப்பைக் கழற்றினான்.

"சோறு இருக்கா சார்?"

இருக்கிறது என்றார் திருநாவுக்கரசு. உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அருள்முருகன் எழுந்து போய்ப் பார்த்தான். திறந்த அலமாரிக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"தட்டெல்லாம் எங்க வெக்கும்னு தெரியல சார்," என்றார்.